எங்கே துளையிட்டால் தண்ணீர் வரும்?



சிங்கப்பூரில் உறவினரைப் பார்க்கப் போனவர்கள் ஜாலான் புசாரில் நடந்திருப்பீர்கள். மலாய் மொழியில் அதற்குப் ‘பெரிய சாலை’ என்று பொருள். கடைகள் நிறைந்த அந்த இடம் ஒரு காலத்தில் சதுப்பு நிலம். சில அடி தோண்டினாலே ஈரம் கசியும். அப்படியானால் அங்கே நல்ல துளைக்கிணறு அமையுமா? அமையாது. காரணம் தெரிந்தால், நம் தோட்டத்தில் எங்கே துளையிடுவது என்பதும் விளங்கிவிடும்.

காலாங் ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்தில் பரவிக் கிடப்பது கடல் களிமண். சில இடங்களில் அதன் கனம் 30 மீட்டருக்கும் மேல். களிமண்ணில் நீர் நிறைய உண்டு. ஆனால் அது விட்டுக்கொடுக்காது. நனைந்த துணியைப் பிழிந்தால் நீர் சொட்டும். பிசைந்த மாவைப் பிழிந்தால் சொட்டுமா? மணலும் சரளையும் வெடிப்பு விட்ட பாறையும்தான் நீரைத் தேக்கி வைத்து நமக்குத் தருகின்றன.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், உள்ளங்கையில் தேங்காய் வைத்துப் பார்த்தவர் காட்டிய இடத்தில் துளையிட்டார்கள். வீட்டுக்கு வீடு சேர்த்த பணம் அது. வந்தது கருங்கல் தூள்தான். பெண்கள் மறுபடியும் விடியுமுன் வாளியோடு ஓடைக்கு நடந்தார்கள்.

நில ஆய்வாளர் என்ன செய்கிறார்? முதலில் மேடு பள்ளத்தையும், பாறையின் வகையையும், அக்கம்பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் பார்க்கிறார். பிறகு மின்தடையை அளக்கிறார். நான்கு கம்பிகளை ஒரே கோட்டில், சம தூரத்தில் ஊன்றுவார். வெளிக் கம்பிகள் இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, உள்ளே இருக்கும் இரண்டுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளப்பார். இம்முறையை 1915இல் விளக்கியவர் அமெரிக்க அறிஞர் ஃபிராங்க் வென்னர். கம்பிகளை அகட்ட அகட்ட, இன்னும் ஆழத்தில் உள்ள நிலையை அறியலாம். கெட்டிப் பாறை மின்சாரத்தைத் தடுக்கும். நீர் ஊறிய வெடிப்புப் பாறை எளிதில் விடும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை! களிமண்ணும் உப்புநீரும் இன்னும் எளிதாக மின்சாரத்தை விடும். ஆகவே ஜாலான் புசார் போன்ற இடத்தில் கருவி நம்மை ஏமாற்றக்கூடும். கருவி சொல்வதை மண்ணின் வகையோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

இடம் தேர்ந்த பின்னும் கவனம் தேவை. கழிவறை, மாட்டுக் கொட்டகை, களைக்கொல்லி வைக்கும் கொட்டகை ஆகியவற்றுக்கு மேட்டுப் பக்கமாக, குறைந்தது 30 மீட்டர் தள்ளித் துளையிடுவது நல்லது. தண்ணீர் வந்ததும் குடித்துவிடாதீர்கள். பல மணி நேரம் இறைத்து, மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். நீரைச் சோதனைக்கும் அனுப்ப வேண்டும்.

சிங்கப்பூர் மக்கள் இன்று குடிப்பது நீர்த்தேக்கங்களில் சேரும் மழைநீர், ஜொகூரிலிருந்து வரும் நீர், சுத்திகரித்த மறுபயன்பாட்டு நீர், உப்பகற்றிய கடல்நீர் ஆகியவற்றைத்தான். கிணற்றை நம்பும் நாம், துளையிட வருபவரிடம், “ஆய்வு அறிக்கை எங்கே ஐயா?” என்று முதலில் கேட்போம். பணம் கொடுப்பது அதற்குப் பிறகு.