கண்ணாடிக்குள் ஒரு காடு – 9: பாக்டீரியா கூடிய இடம்

தொடர் சென்ற வாரம் அடிமண்ணோடு நின்றது. செடி வளர்க்கும் மீன்தொட்டிக்கு எந்த விளக்கு, எத்தனை வாட் என்பதை இந்த வாரம் முடித்துவிடுவதாகப் பேச்சு. அதற்கு முன் 1882-ஆம் ஆண்டுக்கு ஒருமுறை போய்வர வேண்டியிருக்கிறது.

நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் அப்போது தியோடோர் வில்ஹெல்ம் எங்கெல்மான் என்ற ஜெர்மானிய உடலியல் அறிஞர் வேலை பார்த்துவந்தார். வெளிச்சத்தில் உள்ள நிறங்களில் எது செடிக்குப் பயன்படுகிறது என்பது அவருடைய கேள்வி. ஒளிச்சேர்க்கை நடந்தால் ஆக்சிஜன் வரும். ஆனால் நுண்ணோக்கியின் அடியில் கிடக்கும் ஒரு பாசி இழை விடுகிற ஆக்சிஜனை எதைக் கொண்டு அளப்பது? எங்கெல்மான் பாக்டீரியாவையே அளவுகோலாக்கினார். ஆக்சிஜன் எங்கே இருக்கிறதோ அங்கே நீந்திப் போகும் பாக்டீரியாவைத் துளி நீரில் விட்டு, அதில் கிளாடோஃபோரா என்ற பச்சைப்பாசியின் ஒற்றை இழையைக் கிடத்தினார். ஜைஸ் நிறுவனத்தின் கருவி வெளிச்சத்தைப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன வானவில் ஒன்றை இழையின் மேல் விரித்தது. ஒரு முனையில் சிவப்பு, மறுமுனையில் ஊதா.

சற்று நேரத்தில் பாக்டீரியா இரண்டு இடங்களில் மொய்த்தன. சிவப்பில் ஒரு கூட்டம், நீலத்தில் ஒரு கூட்டம். நடுவே பச்சை விழுந்த இடத்தில் சொற்பம்தான். கணக்கு, வரைபடம் எதுவும் தேவைப்படவில்லை; உயிர்களே வரிசையில் நின்று விடையை வரைந்து காட்டிவிட்டன. உயிரியல் வரலாற்றில் இவ்வளவு குறைந்த செலவில், இவ்வளவு தெளிவாகப் பேசிய சோதனைகள் அதிகம் இல்லை. கிளாடோஃபோரா வேறெதுவும் அல்ல, தொட்டி வைத்திருப்பவர்கள் கல்லிலும் செடியிலும் ஒட்டிக்கொண்டது என்று வாராவாரம் பிடுங்கி எறிகிற அந்த நார்ப்பாசிதான்.

எங்கெல்மானுக்கு இன்னொரு முகமும் உண்டு. அவர் செல்லோ வாசிப்பவர். மனைவி எம்மா பிராண்டஸ் பெயர்பெற்ற பியானோ கலைஞர். இசையமைப்பாளர் பிராம்ஸ் இந்தத் தம்பதியின் நண்பர். 1875-இல் எழுதிய தம் மூன்றாவது நரம்பிசை நால்வர் படைப்பை அவர் எங்கெல்மானுக்குத்தான் காணிக்கையாக்கினார். பாசி இழையில் வானவில் விரித்த மனிதரின் பெயர் இன்றும் அந்த இசைத்தாளில் இருக்கிறது.

விளக்குக் கடைக்கு வருவோம். செடி வளர்க்க என்று விற்கப்படும் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த விளக்குகளின் பின்னால் நிற்பது எங்கெல்மான் காட்டிய அந்த இரண்டு கூட்டங்கள்தான். சிவப்பும் நீலமும் போதும், பச்சை வீண் என்பது அவற்றின் வாதம். ஆனால் எங்கெல்மான் பார்த்தது ஒரேயொரு செல் தடிமன் உள்ள இழையை. பச்சை வெளிச்சம் அதில் பெரும்பாலும் பிடிபடாமல் மறுபுறம் போய்விடும். தடித்த இலைக்குள் அப்படிப் போக முடியாது. செல்லுக்குச் செல் சிதறி அலைந்து, பெரும்பகுதி கடைசியில் பச்சையத்திடம் சிக்கும். அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கீத் மெக்ரீ, 22 வகைப் பயிர்களின் இலைகளில் நிறம் நிறமாக அளந்து 1972-இல் வெளியிட்ட முடிவு இதைத்தான் சொன்னது: சிவப்பு முதலிடம், பச்சை ஒன்றும் அவ்வளவு பின்தங்கவில்லை. 400 முதல் 700 நானோமீட்டர் வரையான ஒளி முழுவதையும் செடிக்கான ஒளியாக இன்று கணக்கிடுவதற்கு அவருடைய அளவீடுகள் முக்கிய அடிப்படை.

மெக்ரீ அளந்தவை நிலத்துப் பயிர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹைட்ரில்லா போன்ற நீர்மூழ்கிச் செடியின் இலை, நடுநரம்பைத் தவிர்த்தால் இரண்டே செல் அடுக்குதான். அது எங்கெல்மானின் இழைக்கும் மெக்ரீயின் இலைக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. அதனால் சிவப்பும் நீலமும் தாராளமாக உள்ள விளக்கு நல்லதே. ஆனால் வெள்ளை எல்.இ.டி.க்குள்ளேயே நீலம் தூக்கலாக இருக்கிறது, மஞ்சள் பூச்சின் வழியாகச் சிவப்பும் ஓரளவு வருகிறது. சாதாரண 6500 கெல்வின் வெள்ளை விளக்கே பெரும்பாலான தொட்டிகளுக்குப் போதும். ஊதா விளக்குக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை. அந்த வெளிச்சத்தில் மீனின் நிறமும் செத்துப்போகிறது.

இனி வாட். ஒரு காலன் தண்ணீருக்கு இரண்டு வாட் என்று பழைய கைப்புத்தகங்கள் சொல்லும். இரண்டடி நீளம், ஓரடி அகலம் உள்ள தொட்டியில் சுமார் 65 லிட்டர், அதாவது 17 அமெரிக்க காலன் பிடிக்கும். ஆக 34 வாட். இரண்டடி ட்யூப்லைட்டுகள் இரண்டு போட்டால் 36 வாட், கணக்கு சரியாகத்தான் வருகிறது. இரும்புச் சோக் தின்பது தனி. ட்யூப்லைட் காலத்துக்கு அது பொருந்திய கணக்கு. எல்.இ.டி.க்கு அதை அப்படியே வைத்தால் வெளிச்சம் தேவைக்கு மேல் கொட்டும். கூடுதல் வெளிச்சத்தை முதலில் பயன்படுத்திக்கொள்வது பாசி.

ட்யூப்லைட் எல்லாப் பக்கமும் ஒளி வீசுகிறது. மேலே போனதைப் பிரதிபலிப்பான் கீழே திருப்பவேண்டும், அதில் ஒரு பங்கு வீண். எல்.இ.டி. கீழ்நோக்கியே வீசும். செலவாகும் ஒவ்வொரு ஜூல் மின்சாரத்துக்கும் பழைய ட்யூப் 1 மைக்ரோமோலுக்கும் குறைவான ஒளித்துகள்களைத் தர, நல்ல வெள்ளை எல்.இ.டி. 2-ஐ ஒட்டித் தருகிறது. பெட்டியின் மேல் அச்சிட்ட லூமன் மனிதக் கண்ணுக்கான அளவு, 555 நானோமீட்டர் பச்சைக்கு அதிக மதிப்பெண் போடுவது. ஒரே வகை வெள்ளை விளக்குகளுக்குள் ஒப்பிடுவதற்கு மட்டும் அது உதவும்.

ஆக ட்யூப்பின் 36 வாட்டில் பாதி, 18 வாட் எல்.இ.டி. இந்தத் தொட்டிக்குப் போதும். அது தினம் 8 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத மின்கணக்கில் சுமார் 8.6 யூனிட். பழைய இரட்டை ட்யூப்புக்கு, சோக்கைச் சேர்க்காமலே, 17.3 யூனிட்.

இதைவிடக் குறைக்க வழி இருக்கிறது, அது செடியைத் தேர்ந்தெடுப்பதில். இலங்கையின் நிழல் விழும் ஓடைகளிலிருந்து வந்த கிரிப்டோகொரைன் வென்டி, ஆப்பிரிக்காவின் அனுபியஸ், ஜாவா ஃபெர்ன் ஆகியவை தரைமட்டத்தில் சதுர மீட்டருக்கு நொடிக்கு 20, 30 மைக்ரோமோல் ஒளியிலேயே நிதானமாக வளரும். உச்சிவெயில் 2000-ஐத் தொடும் என்பதோடு ஒப்பிட்டால் எவ்வளவு சொற்பம்! இந்தச் செடிகளுக்கு இரண்டடித் தொட்டியில் 10 வாட்டே தாராளம். தொட்டியின் மூடி கண்ணாடியாக இருந்தால் உப்புப் படலத்தை வாரம் ஒருமுறை துடைப்பதும் ஒருவகை மின்சேமிப்புதான். 150 வாட் மெட்டல் ஹாலைடு விளக்குகளைத் தொங்கவிட்டுத் தொட்டிகள் அமைத்த ஜப்பானின் தகாஷி அமனோ, எல்.இ.டி. காலம் வந்த பிறகு எப்படி மாறினார் என்பதும் இங்கே வந்திருக்க வேண்டியது.

எங்கெல்மான் நிறைய இடத்தை எடுத்துக்கொண்டார். கடையில் கிடைக்கும் பட்டை விளக்கு, ஃப்ளட் லைட், கிளிப் விளக்கு மூன்றின் ஒப்பீடும், டைமரில் எத்தனை மணி நேரம் வைத்தால் பாசி அடங்கும் என்பதும், அமனோவும் அடுத்த வாரம்.