விளக்கொளியைத் தணிக்கும் சுவிட்சு

தஹஜ்ஜுத் தொழ எழும் என் தாயார் விளக்கைப் போட்டால், தொட்டிலில் உறங்கும் பேரக் குழந்தை விழித்து அழும். போடாவிட்டால், கண்ணில் புரை விழுந்த அவர்கள் ஒளுச் செய்யச் செல்லும் வழியில் தடுமாறுவார்கள். சென்ற ரமலானில் ஒருநாள் விழுந்தே விட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், எலும்பு முறியவில்லை. அதன் பின்னரே ஒளியைக் கூட்டிக் குறைக்கும் 'டிம்மர்' சுவிட்சு வாங்கத் திருச்சிக் கடைத்தெருவுக்குச் சென்றேன்.

கடைக்காரர் தந்ததைப் பொருத்தியதும் எல்.இ.டி. பல்பு துடிதுடித்தது, வண்டு போல் இரைந்தது. குறை எங்கே என விளக்கியவர், திருவரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் கடந்து வேலைக்கு வரும் மின்பணியாள நண்பர்.

பழைய குண்டு பல்பில் இருப்பது சூடேறி ஒளிரும் இழை மட்டுமே. மின்சாரம் குறைந்தால் ஒளியும் குறையும். எல்.இ.டி. பல்பினுள் 'டிரைவர்' என்னும் சிறு மின்சுற்று இருக்கிறது. மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் ஒளியை ஒரே சீராக வைத்திருப்பதே சாதாரண பல்புகளில் அதன் வேலை. டிம்மரோ, விநாடிக்கு 50 சுழற்சிகள் கொண்ட நம் வீட்டு மின்சாரத்தின் ஒவ்வோர் அரைச் சுழற்சியிலும் ஒரு பகுதியை வெட்டிவிடுகிறது. ஒன்று வெட்ட, மற்றொன்று சரிக்கட்ட முயல, விளக்கு பாவம் என்ன செய்யும்! ஆகவே, பெட்டியின் மீது 'டிம்மபிள்' என்று அச்சிட்ட பல்பையே கேட்டு வாங்க வேண்டும்.

டிம்மரிலும் இருவகை உண்டு. அரைச் சுழற்சியின் தொடக்கத்தை வெட்டுவது குண்டு பல்புக் காலத்தது. இறுதியை வெட்டும் 'டிரெய்லிங் எட்ஜ்' வகையே எல்.இ.டி.க்குப் பெரும்பாலும் ஒத்துவருகிறது. அதற்குத் தேவையான குறைந்தபட்ச வாட் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். 40 வாட் வேண்டும் டிம்மரில் ஒற்றை 9 வாட் பல்பை மாட்டினால் மினுக்கலே மிஞ்சும். மின்விசிறி ரெகுலேட்டரை விளக்குக்குப் பொருத்தும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது கூடவே கூடாது.

பொருத்தும்போது மெயினை அணைத்து, டெஸ்டரால் சோதித்த பின்பே கம்பியைத் தொட வேண்டும். டிம்மர் ஃபேஸ் கம்பியில்தான் அமர வேண்டும். தொழில் அறிந்தவரிடம் விடுவதே நலம்.

படுக்கையறைக்கு டிம்மரே வேண்டாம் என்று நண்பர் சொல்லிவிட்டார். 'ஜீரோ வாட்' என்ற பெயரில் சுமார் 15 வாட் தின்ற பழைய பல்பு போலன்றி, இப்போதைய அரை வாட் எல்.இ.டி. இரவு விளக்கு ஒன்றைத் தரையோரப் பிளக்கில் செருகினார். வெளிச்சம் தொட்டிலுக்கு எட்டவில்லை. அம்மாவின் காலடிக்கு எட்டியது. நான் வாங்கிய டிம்மரைக் கடைக்காரர் திரும்பப் பெறவில்லை. மேசை அறையில் கிடக்கிறது.