செரியாத சோறு செய்யும் வேலை

திருவண்ணாமலையில் வெயில் ஏறிய பிறகு கிரிவலம் போகிறவர்கள் இளநீருக்கு அடுத்தபடியாகத் தேடுவது கூழ் வண்டியைத்தான். கூழ்க்காரம்மா பானைக்குள் கைவிட்டுக் கெட்டியான உருண்டை ஒன்றை எடுக்கிறார். சொம்பில் போட்டு, மோர் விட்டு, உப்புச் சேர்த்து விரலாலேயே கரைக்கிறார். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் மேலே விழுகிறது. பக்கத்துத் தட்டில் மோர் மிளகாய், கொத்தவரங்காய் வற்றல், மாங்காய்க் கீற்று. குடித்தவர் “வயிறு குளுகுளுன்னு இருக்கும்மா” என்று சொல்லிவிட்டு நடையைத் தொடர்கிறார். ஆனால் அந்தக் கூழின் பெரிய வேலை அதற்குப் பல மணி நேரம் கழித்துத்தான், அவருக்குத் தெரியாமல் பெருங்குடலில் நடக்கிறது.

கூழ் ஒரே நாளில் ஆவதில்லை. கேழ்வரகு மாவை முந்தின நாள் மாலையே தண்ணீரில் கரைத்து மூடி வைப்பார்கள். காலையில் நுரை தட்டி, புளிப்பு வாசம் வரும். லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் இரவெல்லாம் வேலை செய்ததன் அடையாளம் அது. பிறகு நொய்யை வேகவைத்து, அதில் புளித்த மாவை ஊற்றி, கட்டி தட்டாமல் கிளறி இறக்குவார்கள். அடுப்புச் சூட்டில் அந்த பாக்டீரியாக்கள் பெரும்பாலும் செத்துப்போகும். வெந்ததை ஆறவிட்டு இன்னொரு இரவு வைக்கும்போது மறுபடியும் புளிக்கிறது. இதற்குமேல் அது அடுப்பைப் பார்ப்பதில்லை என்பதால், சொம்புக்கு வரும் கூழில் உயிருள்ள பாக்டீரியாக்கள் இருக்கும். கூழின் நன்மையைப் பேசுகிற பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய விஷயமாக எனக்குப் படுவது, அதில் ஆறிப்போய்க் கிடக்கும் மாவுச்சத்து.

மாவுச்சத்து என்பது சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. கொதிக்கும்போது தண்ணீரை உறிஞ்சி ஊதுகிறது. சங்கிலிகள் தளர்ந்து பிரிகின்றன. சுடுசோறு சீக்கிரம் செரிப்பதற்குக் காரணம் இதுதான். ஆறும்போது, விரித்த பாயைச் சுருட்டிக் கட்டியதுபோல அந்தச் சங்கிலிகளில் ஒரு பகுதி மறுபடி நெருங்கி இறுகிவிடுகிறது. இறுகியதை நம் உமிழ்நீரிலும் கணையநீரிலும் உள்ள நொதிகளால் எளிதில் வெட்ட முடியாது. இந்தோனேசியாவில் வெள்ளைச் சோற்றை வைத்து அளந்து 2015-ல் வெளியிட்டார்கள். உடனே வடித்த சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம் இருந்த இந்தச் செரிக்காத மாவுச்சத்து, 10 மணி நேரம் வெளியே ஆறிய சோற்றில் 1.30 கிராமாக இருந்தது. ஒருநாள் குளிர்பெட்டியில் வைத்துத் திரும்பச் சூடாக்கியதில் 1.65 கிராம். அளவு சிறியதுதான். ஆனால் தினமும் சோறு தின்னும் ஊருக்கு அது சேர்ந்துகொண்டே போகும் கணக்கு.

செரிக்காதது வீண் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தோம். சுமார் 6 மீட்டர் சிறுகுடலைத் தாண்டி அது போய்ச் சேரும் இடத்தில் காத்திருப்பவை ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள். எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தால் 200 கிராம்தான் இருக்கும். காற்றில்லாத அந்த இருட்டில் அவை செரியாத மாவையும் நாரையும் நொதிக்கவைத்து அசிடேட், புரோப்பியனேட், பியூட்ரேட் என்ற சிறு அமிலங்களை உண்டாக்குகின்றன. இதில் பியூட்ரேட் தனி ரகம். உடலின் பெரும்பாலான செல்களுக்கு ரத்தம்தான் சோறு போடுகிறது. பெருங்குடலின் உள்சுவர் செல்களோ தமக்கு வேண்டிய ஆற்றலில் 70 சதவீதம் அளவுக்கு இந்தப் பியூட்ரேட்டிலிருந்து, அதாவது குடலின் உள்பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. நம்மால் செரிக்க முடியாததை பாக்டீரியா தின்று, அது கழித்ததை நம் செல் தின்று உயிர் வாழ்கிறது. உடம்புக்குள் இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இந்த ஏற்பாட்டை நோயாளியின் படுக்கையருகே மெய்ப்பித்துக் காட்டியது நமக்குப் பக்கத்து ஊர். 1989 வரை திருவண்ணாமலையும் வேலூரும் ஒரே வட ஆர்க்காடு மாவட்டம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் குடல்நோய் மருத்துவர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடன் சேர்ந்த வெளிநாட்டு ஆய்வாளர்களும் காலராவை எடுத்துக்கொண்டார்கள். காலரா நஞ்சு சிறுகுடலிலிருந்து தண்ணீரைக் கொட்டவைக்கிறது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்க்கரைசல் உயிரைக் காப்பாற்றும். ஆனால் வயிற்றுப்போக்கு உடனே நின்றுவிடாது. அந்தக் கரைசல் வேலை செய்வது சிறுகுடலில். பெருங்குடலும் தண்ணீரை உறிஞ்சும் உறுப்புதானே, அதை ஏன் வேலை வாங்கக்கூடாது என்று கேட்டது வேலூர்க் குழு. செரிக்காத மாவுச்சத்தைக் கொடுத்தால் பாக்டீரியாக்கள் அமிலம் தயாரிக்கும். அதைப் பெருங்குடல் உறிஞ்சும்போது கூடவே சோடியம் உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும்.

48 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கரைசல். இன்னொரு பிரிவுக்கு அதில் லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு. மூன்றாவது பிரிவுக்கு அதே அளவு, எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்து. வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்கு மலம் கெட்டிப்பட சராசரியாக 91 மணி நேரம் ஆனது. அரிசி மாவுப் பிரிவுக்கு 71. செரிக்காத மாவுச்சத்துப் பிரிவுக்கு 57. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 2000-ஆம் ஆண்டு வெளியான முடிவு இது. அங்கே கொடுத்தது கூழோ பழைய சோறோ இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பெருங்குடலுக்குச் சோறு போட்டால் அது உடனடியாக வேலை செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

நோயில்லாத உடம்பிலும் மாற்றம் சீக்கிரமே வரும். 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கக் கறுப்பினத்தவர் 20 பேரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் 20 பேரும் இரண்டு வாரத்துக்குச் சாப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். நார் மிகுந்த கிராமத்து உணவுக்கு வந்த அமெரிக்கர்களின் குடலில் பியூட்ரேட் சுமார் இரண்டரை மடங்கானது. பர்கர், பொரித்த உணவு என்று மாறிய கிராமத்தவருக்கு அது பாதியாகக் குறைந்தது. நார் கிடைக்காவிட்டால் பாக்டீரியாக்கள் பட்டினி கிடப்பதில்லை. குடற்சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே அரிக்கத் தொடங்குகின்றன. எலிகளில் 2016-ல் இதைக் கண்டார்கள்.

கோயிலைச் சுற்றியுள்ள உணவகங்களில் காலை பூரி, மதியம் வெள்ளைச் சோறு, இரவு பரோட்டா என்று சாப்பிட்டால் பெருங்குடலுக்கு மிஞ்சுவது கொஞ்சமே. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 கிராம் நாராவது வேண்டும் என்கிறது. சமைக்காத வெள்ளை அரிசி 100 கிராமில் இருப்பது 3 கிராமுக்கும் குறைவு. சாமையில் ஏறத்தாழ 8, கேழ்வரகில் 11, முழுப் பச்சைப் பயறில் 17. ஒவ்வொரு வகை நாரையும் வெவ்வேறு பாக்டீரியா தின்கிறது. ஆகவே கூழ் ஒருநாள், மொச்சைக் குழம்பு ஒருநாள், முருங்கைக்கீரை, கொள்ளு, சுண்டல் என்று மாறி மாறி வருவது நல்லது. பிரசாதச் சுண்டலை நான் மனதாரப் பரிந்துரைப்பேன்.

வழக்கமில்லாதவர்கள் ஒரேயடியாக மாற்றினால் வயிறு உப்பும், வாயு பிரியும். நொதித்தலில் ஹைட்ரஜன் உண்டாவதுதான் காரணம். அதில் ஒரு பங்கு ரத்தத்தில் கலந்து மூச்சிலேயே வெளிவருகிறது, மருத்துவமனைகளில் அதை ஊதச்சொல்லி அளக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் குடல் பழகிக்கொள்ளும். குடல் அழற்சி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்குக் கூழும் கணக்கில் சேரும் உணவுதான். வடித்த சோற்றைத் தண்ணீர் ஊற்றாமல் அப்படியே வெளியே போட்டு வைப்பது ஆபத்து: வேகும்போதும் சாகாத பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைகள் அதில் முளைத்து நஞ்சு சேர்க்கும். சுத்தமான தண்ணீர் ஊற்றிப் புளிக்கவிட்டால் வரும் அமிலம் அதன் வளர்ச்சியைத் தடுக்கும்.

இந்த மாவட்டத்தின் ஜவ்வாது மலையில் சாமை பரம்பரைப் பயிர். திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. ஏடிஎல் 1 என்ற சாமை ரகம் அங்கிருந்து வந்ததுதான். ஆக, தானியம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சிக்கல் அரவை ஆலையில். உமி நீக்கியதோடு நிறுத்தினால் சாமை பழுப்பாக இருக்கும், வேகக் கொஞ்சம் நேரம் எடுக்கும், நார் மிஞ்சும். கடைகளில் பளிச்சென்ற வெள்ளைச் சாமையையே கேட்டு வாங்குகிறோம். அதற்காக இன்னொரு முறை தீட்டும்போது தவிடாகப் பிரிந்து மாட்டுத் தீவனத்துக்குப் போவது, நம் பெருங்குடலுக்கு வந்திருக்க வேண்டிய நார்.