தலைக்கு மேலே 20 அடி

2022 ஏப்ரல் 27, விடியற்காலை. தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழா. வீதியுலா வந்த சப்பரத்தை ஒரு முனையில் திருப்பும்போது அதன் உச்சி அலங்காரம் உயரழுத்த மின்கம்பியில் பட்டது. சிறுவர்கள் உட்பட 11 பேர் இறந்தார்கள். புதிதாகப் போட்ட சாலை உயர்ந்துவிட்டிருந்ததும் அப்போது பேசப்பட்டது.

தெருவைக் குறுக்கே கடக்கும் உயரழுத்தக் கம்பி தரையிலிருந்து குறைந்தது 6.1 மீட்டர், அதாவது 20 அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே தார் ஊற்றினால் அந்த 20 அடி கீழிருந்து குறைகிறது. வெயிலிலும் மின்சுமையிலும் கம்பி சூடேறித் தொய்ந்தால் மேலிருந்து குறைகிறது. மிச்ச இடைவெளியில்தான் வைக்கோல் லாரியும் சீரியல் லைட் தோரணமும் போக வேண்டியிருக்கிறது.

அந்தக் கம்பிக்கு உறை கிடையாது, வெறும் அலுமினியம். 110, 230 கிலோவோல்ட் லைன்களைத் தொடக்கூட வேண்டாம். நெருங்கினாலே மின்சாரம் காற்றைத் தாண்டிப் பாயும். அலுமினியக் குழாயில் துரட்டி கட்டித் தேங்காய் பறிப்பவரும், போர்வெல் லாரியின் ரிக்கை நிமிர்த்துபவரும் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

அறுந்து விழுந்த கம்பி இன்னும் கொடியது. தீப்பொறி இல்லையே, கரண்ட் போயிருக்கும் என்று நம்பிப் பக்கத்தில் போகிறோம். கம்பி கிடக்கும் இடத்திலிருந்து மின்சாரம் மண்ணுக்குள் பரவும். தள்ளிப் போகப் போக வோல்டேஜ் குறையும். அகலமாகக் கால் எடுத்து வைத்தால் இரண்டு பாதங்களுக்கும் இரண்டு வோல்டேஜ். அந்த வித்தியாசம் உடம்பு வழியே ஓடும். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் தூரம் அதிகம் என்பதால் மாடுகளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். அருகில் அகப்பட்டுக்கொண்டால் இரு பாதங்களையும் ஒட்டி, தரையை விட்டு எடுக்காமல் நகர்ந்து நகர்ந்து விலகுங்கள். வண்டிமேல் கம்பி விழுந்தால் உள்ளேயே இருங்கள். வண்டி தீப்பிடித்தால் மட்டும், வண்டியும் தரையும் ஒரே நேரத்தில் உடம்பில் படாதபடி இரு கால்களையும் சேர்த்துக் குதியுங்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987.

விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். பந்தக்கால் நடும் நாளிலேயே சப்பரத்தை அலங்காரத்தோடு சேர்த்து அளந்து, உலா போகும் தெருக்களையும் நேரத்தையும் குறித்து இ.பி. ஆபீஸில் எழுதிக் கொடுங்கள். சாலையை உயர்த்தியிருந்தால் அதையும் மறக்காமல் எழுதுங்கள். சாமி அந்தத் தெருவைக் கடக்கும்வரை சப்ளையை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தியாயிற்று என்று லைன்மேன் நேரில் வந்து சொல்லும்வரை வடத்தில் யாரும் கை வைக்க வேண்டாம்.