கண்ணாடி விரியனின் நஞ்சு காட்டிக்கொடுக்கும் நோய்

நோய்க்கிருமிகளை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதங்களான எதிர்ப்பொருள்கள், சிலருக்கு உடலின் சொந்தப் பொருள்களையே தாக்கத் தொடங்குகின்றன. அவை செல்லுறையிலுள்ள பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்பையும் அதனோடு ஒட்டும் புரதங்களையும் குறிவைத்தால், இரத்தக் குழாய்களுக்குள்ளேயே இரத்தம் உறைந்து, இளம் வயதில் பக்கவாதமும் கால் நாளங்களில் அடைப்பும் ஏற்படலாம்; பெண்களுக்குக் கரு மீண்டும் மீண்டும் கலையலாம். லண்டன் மருத்துவர் கிரஹாம் ஹியூஸ் 1983-இல் விவரித்த இந்நோய் ‘ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம்’ எனப்படுகிறது.

இதை உறுதிசெய்ய மூன்று பரிசோதனைகள் உள்ளன. கார்டியோலிப்பின் என்னும் பாஸ்போலிப்பிட்டுக்கும், பீட்டா-2 கிளைக்கோபுரதம்-1 என்னும் இரத்தப் புரதத்துக்கும் எதிரான எதிர்ப்பொருள்களின் அளவை ‘எலைசா’ முறை காட்டுகிறது. மூன்றாவதான ‘லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்’ பரிசோதனை, எதிர்ப்பொருளின் அளவை விட்டு, இரத்தம் உறைவதில் அது செய்யும் குறுக்கீட்டைக் கண்டறிகிறது. அதற்கான முறைகளுள் ஒன்றில் பயன்படுவது, தமிழக உழவர்கள் வயல்வெளியில் அஞ்சும் கண்ணாடி விரியனின் நஞ்சே ஆகும்.

பெருமாள் தியாகராஜன், விட்டோரியோ பெங்கோ, சாண்டர் ஷாப்பிரோ ஆகியோர் 1986-இல் வெளியிட்ட இம்முறையில், நீர்க்கச் செய்த நஞ்சும் சிறிதளவு பாஸ்போலிப்பிட்டும் இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் சேர்க்கப்படுகின்றன. நஞ்சு, பத்தாம் உறைதல் காரணியை நேரடியாகத் தூண்டுவதால் பிளாஸ்மா விரைவில் உறைய வேண்டும். எதிர்ப்பொருள் இருந்தால் அது பாஸ்போலிப்பிட்டைக் கைப்பற்றிக்கொள்வதால் உறைவு தாமதமாகிறது. நலமானவரின் பிளாஸ்மாவைச் சம அளவில் கலந்தும் தாமதம் நீங்காமல், கூடுதல் பாஸ்போலிப்பிட் சேர்த்தவுடன் நீங்கினால், எதிர்ப்பொருளின் இருப்பு உறுதியாகிறது. உடலுக்குள் உறைவைத் தூண்டுகிற ஒன்று சோதனைக் குழாயில் அதைத் தாமதப்படுத்துவது இந்நோயின் விந்தையான முரண்.

முடிவின் நம்பகம் இரத்தம் எடுக்கும் நொடியிலேயே தொடங்குகிறது. அரக்கோணத்தில் எடுத்த இரத்தத்தைச் சென்னைக்கோ வேலூருக்கோ அனுப்ப நேர்ந்தால், நீலமூடிக் குழாயைக் குறியளவு வரை நிரப்பி, சுமார் நான்கு மணி நேரத்துக்குள் இருமுறை சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, உறைநிலையில் அனுப்புவதே முறை; பிளாஸ்மாவில் இரத்தத் தட்டணுக்கள் மிஞ்சினால் அவற்றின் பாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருளை மறைத்துவிடும். ஹெப்பாரின், வார்ஃபரின் முதலிய உறைவுத்தடுப்பு மருந்துகளும் முடிவைக் குழப்புவதால், இயன்றவரை அவற்றைத் தொடங்கும் முன்பே இரத்தம் எடுப்பது நலம்; ஆனால் பரிசோதனைக்காக எவரும் தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது.

தொற்றுநோய்க்குப் பின் இந்த எதிர்ப்பொருள்கள் தற்காலிகமாகத் தோன்றி மறையக்கூடும் என்பதால், 2006-இல் வெளியான பன்னாட்டு விதிமுறை, குறைந்தது 12 வாரம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும் என்கிறது. மேலும், கர்ப்பிணிகளுக்குச் செய்யப்படும் ‘விடிஆர்எல்’ என்னும் மேகநோய்ப் பரிசோதனையிலும் கார்டியோலிப்பின் பயன்படுவதால், மேகநோய் இல்லாமல் இந்த எதிர்ப்பொருள்கள் மட்டும் உள்ள பெண்ணுக்கும் மேகநோய் இருப்பதாக முடிவு வரலாம். ஆகவே, ஒரே அறிக்கையைக் கொண்டு பெண்ணின் ஒழுக்கத்தை ஐயுறுவது அநீதி. ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் உறுதியானால் வாழ்நாள் மருந்து தேவைப்படலாம் என்பதால், 12 வாரம் கழித்துச் செய்யும் இரண்டாம் பரிசோதனையைத் தவிர்ப்பதும் ஆபத்தே.