இசைத்தட்டுக் கலைக்கேற்ற மிக்ஸர்

சுழலும் இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து, அதனின்று எழும் ஒலியைத் தாளமாக்கும் 'ஸ்கிராச்சிங்' கலை 1970-களில் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் தோன்றியது. இதில் ஒரு கை தட்டின்மீதும், மற்றொரு கை ஒலிகளை இணைக்கும் மிக்ஸரின்மீதும் இயங்கும்.

மிக்ஸரில் முதலாவதாக ஆராயத்தக்கது, ஒலியை அடைக்கவும் திறக்கவும் உதவும் 'கிராஸ்ஃபேடர்' என்னும் நகரும் குமிழாகும். ஓரத்தினின்று ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்ததுமே ஒலி முழு அளவில் எழுதல் வேண்டும். இத்தூரம் மிகுந்தால் விரலின் வேகத்திற்கு ஒலி ஈடுகொடாது. ஆதலால், ஒலி எழும் விதத்தைத் திருத்தியமைக்கும் வசதி அவசியம்.

பழைய முறையில், குமிழோடு இணைந்த தொடுமுனை கரிப்பூச்சின்மீது உராய்ந்து செல்கிறது. பூச்சு தேய்ந்தாலும் தூசி படிந்தாலும் கரகரப்பு உண்டாகும்; அடைத்த ஒலியும் கசியும். காந்தத்தாலோ ஒளியாலோ குமிழின் நிலையை அறியும் வகைகளில் இவ்வுராய்வு இல்லை. விலை கூடுதலாயினும், நாள்தோறும் பழகுவோர்க்கு இவையே சிக்கனமானவை.

கிராஸ்ஃபேடரை மட்டும் தனியே கழற்றி மாற்ற இயலுமா என்பதையும் விசாரித்தறிதல் வேண்டும். இக்கலைஞரிடையே புகழ்பெற்ற மிக்ஸர்களைச் செய்த ஜப்பானின் வெஸ்டாக்ஸ் நிறுவனம் 2014-இல் நொடித்துப்போயிற்று. எனவே, சாதனத்தின் தரத்தோடு மாற்று உறுப்பு எளிதிற் கிடைப்பதையும் சேர்த்து எண்ணியே வாங்குதல் நலம்.