பாதி விசிறியைப் பனையே செய்துவிடுகிறது

காரியாபட்டியிலிருந்து திருச்சுழிக்குப் போகிற வழியில், கண்மாய்க் கரைப் பனைகளை அண்ணாந்து பாருங்கள். ஒவ்வொரு ஓலையும் காம்போடு பிறந்த விசிறி. தென்னை அப்படியல்ல. அதன் கீற்று நடுத்தண்டின் இருபுறமும் தனித்தனி இதழாகப் பிரிந்து தொங்கும். முடைந்தால்தான் காற்றைத் தள்ளும் பரப்பு கிடைக்கும். தென்னையும் தாழையும் மலிந்த பாலினேசியத் தீவுகளில் முடைவது பெருங்கலையானதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மார்க்கேசஸ் தீவுகளில் நுணுக்கமாகப் பின்னிய விசிறி, ஒருகாலத்தில் தலைமைக் குடியினர் கையில் இருந்த மரியாதைச் சின்னம்.

நம் பனையோலையில் முடையும் விசிறி, முடையாத மட்டை விசிறி என இரண்டு வகையும் உண்டு. எது எதுவாகும் என்பதை ஓலையின் வயதுதான் தீர்மானிக்கும். முடையும் விசிறிக்குக் குருத்தோலை வேண்டும். இன்னும் விரியாததால் பச்சை ஏறாமல் வெளிர் மஞ்சளாக இருக்கும். எப்படி மடக்கினாலும் ஒடியாது. ஈர்க்கை உரித்துவிட்டு, ஒரே அகலத்தில் கிழித்து, உலர்த்தி, சிலவற்றுக்குச் சாயமேற்றி முடைவார்கள். பனை ஏறத்தாழ மாதம் ஒரு குருத்துதான் விடும். அடிக்கடி வெட்டினால் மரம் நொந்துபோகும்.

மட்டை விசிறிக்கோ விரிந்த இளம் ஓலை. மட்டையின் இருபுறக் கருக்கைச் சீவி, ஓலையைக் கல்லடியில் பாரம் வைத்து உலர்த்தி, வட்டமாக நறுக்கி, ஓரத்தில் ஈர்க்கு வைத்துத் தைத்தால் வேலை முடிந்தது. கையில் எடுத்து ஒளிக்கு நேரே பிடியுங்கள்: மட்டை முனையிலிருந்து ஓலை மடிப்பு மடிப்பாக விரிந்து ஓடும். தகரக் கூரையின் நெளிவுபோல இந்த மடிப்புகளே ஓலையை விறைப்பாக நிறுத்துகின்றன. சட்டமே தேவையில்லை. எனக்கு இந்த விசிறியில் மிகவும் பிடித்தது இதுதான்.

விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. உடம்பை ஒட்டிய ஈரக்காற்றை விலக்கி, வியர்வையை விரைவாக உலரவைக்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. அருப்புக்கோட்டை வட்டாரத்து வறண்ட காற்றில் வியர்வை சட்டென உலரும். கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவு சுகம் கிடைக்காது. விசிறியில் தண்ணீர் தெளித்து வீசினால் ஓலையிலிருந்தும் ஈரம் ஆவியாகி, வருகிற காற்றே குளிரும்.

இந்த விசிறிக்கு முதலில் பனை நிற்க வேண்டும். செங்கல் சூளைக்கு விறகாகப் பனைகள் போனது போதும். ஆட்சியர் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாதென்று 2021-இல் தமிழக அரசு அறிவித்ததை மனதார வரவேற்கிறேன். ஆனால் மரம் நின்றால் மட்டும் விசிறி வராது, ஏறுகிறவரும் வேண்டும். ஏற ஆளில்லாத மரத்தில் ஓலை தானாகக் காய்ந்து காவோலையாகித்தான் விழும். அதை மடக்கினால் நொறுங்கிவிடும். அடுப்பெரிக்கலாம், வேலி அடைக்கலாம், விசிறி செய்ய முடியாது.